2025-இல் விடுமுறை 24 நாளா, 17 நாளா?

பெங்களூர்ப் பள்ளத்தூரான்:
நேற்று மதியச் சாப்பாட்டின்போது அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், "உங்கள் தமிழ்நாட்டில் 2025-க்கு 24 நாள் அரசு விடுமுறை. இந்தியாவிலேயே நீங்கள்தான் அதிகம் ஓய்வெடுக்கிறவர்கள்" என்று நாலு பேர் நடுவில் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கேரளத்தில் முதல் ஓணம், திருவோணம், மூன்றாம் ஓணம், நான்காம் ஓணம் என்று வரிசையாக விடுகிறார்கள். வங்கத்தில் துர்கா பூஜைக்கு ஊரே பந்தலுக்குள் போய்விடுகிறது. பீகாரில் சட் பூஜை. அவருடைய கர்நாடகத்திலேயே நவம்பர் 1 ராஜ்யோத்சவம். இளைத்தவன் நாம்தானா? அவர் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு பதில் கொடுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:
24 என்பதே தவறு தம்பி. 17. முப்பத்து நான்கு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அரசாணையில் 24 வரிகள் இருக்கின்றன. அவற்றில் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாள், அக்டோபர் 2. ஆக, 23. குடியரசு நாள், தெலுங்கு வருடப் பிறப்பு, மொகரம் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை. 20. ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிவு. அது வங்கிக்கு மட்டும். 19. பக்ரீத் ஜூன் 7, கிருஷ்ண ஜெயந்தி ஆகஸ்ட் 16, இரண்டும் சனிக்கிழமை. 17. உங்கள் மேசைக்காரரிடம் நாட்காட்டியைப் பிரித்துக் காட்டுங்கள்.

கொப்பாத்தாள் பிள்ளை:
சனிக்கிழமையை எந்தக் கணக்கில் கழித்தீர்கள்? காரைக்குடியில் நான் வேலை பார்க்கிற ஜவுளிக்கடை சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறந்து இரவு பத்துக்குத்தான் மூடும். சனிக்கிழமை ஓய்வு என்பது கோப்பு பார்க்கிறவர்களுக்கு. உங்கள் 17 அரசு ஊழியரின் 17.

தேவகோட்டை வாத்தியார்:
அரசு விடுமுறையைப் பற்றிப் பேசும்போது அரசு அலுவலகக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். அங்கே வாரம் ஐந்து நாள் வேலை. சனிக்கிழமை ஏற்கெனவே ஓய்வு. ஓய்வு நாளில் வந்த பண்டிகையை இன்னொரு விடுமுறை என்று எண்ணுவது, சட்டைப்பையில் இருக்கிற பத்து ரூபாயை இரண்டு முறை எண்ணி இருபது என்பது போல. 17.

பழைய லெட்ஜர்:
வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சண்டைக்கு வேர் எங்கே என்று யாரும் பார்க்கவில்லை. "பொது விடுமுறை" என்ற சொல்லுக்குப் பொருள் காசோலை, புரோநோட்டு பற்றிய 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இருக்கிறது. ஞாயிறும், அரசு அரசிதழில் அறிவிக்கும் நாட்களும்தான் பொது விடுமுறை. ஒரு புரோநோட்டின் கெடு அப்படிப்பட்ட நாளில் முடிந்தால், அதற்கு முந்தைய வேலைநாளே கெடு என்று கொள்ள வேண்டும். நம் ஐயாமார்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் உண்டியல் என்ற பணமுறி எழுதிக் கொடுத்து வாங்கிய காலத்தில் இந்த ஒரு நாள் முன்னே பின்னே போவது எவ்வளவு பெரிய காரியம் என்று வீட்டுப் பழைய பேரேட்டைப் புரட்டினால் தெரியும். ஆகவே விடுமுறை என்பது ஓய்வா, கெடுவா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:
1881 இருக்கட்டும். 2025-இல் 17 நாளா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய லெட்ஜர்:
சொல்கிறேன். வங்கிகளுக்கு 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனி மட்டுமே விடுமுறை. ஜூன் 7 முதல் சனி. ஆகஸ்ட் 16 மூன்றாம் சனி. இரண்டுமே வேலைநாளில் வந்த உண்மையான விடுமுறை. ஏப்ரல் 1 அன்று வாசலில் வாடிக்கையாளர் இல்லை, உள்ளே நாங்கள் இருந்தோம். எங்கள் கணக்கில் 19. சனிக்கிழமையை நீங்கள் கழிக்க முடியாது, வாத்தியாரே.

தேவகோட்டை வாத்தியார்:
வங்கிக்காரர் வங்கியைச் சொல்கிறார், ஜவுளிக்கடைக்காரர் ஜவுளியைச் சொல்கிறார். வெளியிட்டது தமிழ்நாடு அரசு. அதன் அலுவலகத்தில் சனிக்கிழமை வேலை இல்லை. 17.

ராயவரம் ஆச்சி:
நீங்கள் மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிடுகிறீர்கள். எங்கள் வீட்டுக்குள்ளேயே விடுமுறை ஒத்துப்போகவில்லை. ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம், கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். எல்லாம் ஒரே செட்டிநாடுதான். நார்த்தாமலை முத்துமாரியம்மன் தேருக்குப் புதுக்கோட்டை ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விட்டால் என் பேத்திக்குப் பள்ளி இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போக வேண்டிய என் மருமகன் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியில் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளை வாசல் திண்ணையில் புதுப் பாவாடையோடு அப்பாவுக்காக உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அழகர் ஆற்றில் இறங்கினால் மதுரைக்கு விடுமுறை, நமக்கு இல்லை. இதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

தேவகோட்டை வாத்தியார்:
ஆச்சி, உள்ளூர் விடுமுறையை விடுமுறை என்றே சொல்லக்கூடாது. செலாவணி முறிச் சட்டத்தில் அது வராது. வங்கி திறந்திருக்கும், கருவூலத்தில் குறைந்த ஆட்களோடு அவசர வேலை நடக்கும், பிறகு ஒரு சனிக்கிழமை வேலைநாளாக அறிவிப்பார்கள். கொடுத்த நாளைத் திரும்ப வாங்கிவிடுகிறார்கள். கூட்டினால் சுழி.

பழைய லெட்ஜர்:
சற்று முன் "1881 இருக்கட்டும்" என்றவர் இப்போது அதே சட்டத்தை ஆச்சியிடம் காட்டுகிறார். செட்டிநாட்டில் 96 ஊரா 76 ஊரா என்ற பழைய சண்டையிலும் இதைத்தான் செய்தார். தனக்கு வேண்டிய இடத்தில் ஆவணம், வேண்டாத இடத்தில் வாய்.

தேவகோட்டை வாத்தியார்:
96 என்பது ஆதியில் இருந்த எண்ணிக்கை என்று அன்றே தெளிவாக எழுதினேன். படிக்காமல் பேசியவர் நீங்கள். அதற்கு நீங்கள் இன்று வரை பதில் சொல்லவில்லை.

தபால்பெட்டி:
நாங்களும் தமிழ்நாட்டில்தான் வேலை பார்க்கிறோம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 14 நாள் கட்டாயம். 12 பண்டிகைகள் உள்ள பட்டியலிலிருந்து மாநிலவாரியாக 3 தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு மேல் ஆளுக்கு 2 விருப்ப விடுமுறை. பொங்கலே அந்த மூன்றில் ஒன்றாகத்தான் நமக்கு வருகிறது. 2017 ஜனவரியில் பொங்கல் கட்டாயப் பட்டியலில் இல்லை என்று தெரிந்து எவ்வளவு கொந்தளிப்பு என்பது நினைவிருக்கும். மாட்டுப் பொங்கலன்று பக்கத்துத் தாலுகா அலுவலகம் பூட்டியிருக்கும், நான் அஞ்சலகத்தில் முத்திரை குத்திக்கொண்டிருப்பேன். ஒரே தெரு, இரண்டு அரசு.

கிள்ளான் பேரன்:
மலேசியாவிலும் இதே கதைதான். சிலாங்கூரில் எங்களுக்குத் தைப்பூசம் விடுமுறை. கிளந்தானிலும் திரங்கானுவிலும் வார ஓய்வே வெள்ளியும் சனியும். சிங்கப்பூரில் தைப்பூசம் பொது விடுமுறையாக இருந்தது, 1968-இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்டாயுதபாணி கோயிலுக்குக் காவடி எடுக்க இன்றும் அங்கே விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடே 2021-இல்தான் தைப்பூசத்துக்கு விடுமுறை விட்டது. வெளிநாட்டில் இருந்த எங்களுக்குக் கிடைத்தது, பழனி இருக்கிற மாநிலத்துக்கு அதுவரை கிடைக்கவில்லை.

ராயவரம் ஆச்சி:
விடுமுறை விட்டதற்காகவா எங்கள் அப்பச்சி பழனிக்கு நடந்தார்? குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்பட்டால் கடையை மறந்துவிடுவார். போனதும் நடந்தே, வந்ததும் நடந்தே. கால் கொப்புளத்தில் ஆத்தா மஞ்சள் அரைத்துத் தடவியது கண்ணில் நிற்கிறது. ஒரு நாள் விடுமுறை பழனிக்குப் பாதி வழிகூடக் காணாது. பிள்ளையார் நோன்புக்கு அந்த ஒரு நாளும் இல்லை. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் கழித்து நோன்பு முடிக்க இழை எடுக்கும்போது சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் அலுவலகம் முடிந்து ஓடிவர வேண்டியிருக்கிறது.

பெங்களூர்ப் பள்ளத்தூரான்:
ஆச்சி சொன்னது என் வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் மேசைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியது என்ன? 17 என்று சொன்னேன். "அப்படியானால் எங்கள் பட்டியலிலும் ஞாயிறு, சனியைக் கழித்துப் பார்க்கலாம்" என்கிறார்.

தேவகோட்டை வாத்தியார்:
கழிக்கட்டும். கழித்த பிறகு பேசட்டும். நம் எண் 17. அதை அசைக்க முடியாது.

கொப்பாத்தாள் பிள்ளை:
அசைக்க முடியாதாம். நான் அசைக்கிறேன். 1958-ஆம் வருடச் சட்டப்படி தமிழ்நாட்டில் தொழில் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவனுக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நான்கோடு ஐந்து பண்டிகை. மொத்தம் 9. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை. ஒரு மே தினத்தில் முன்பு நான் இருந்த கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே எங்களைச் சேலை மடிக்க வைத்தார்கள். வெளிச்சம் தெருவுக்குத் தெரியக்கூடாது என்று முன்பக்க விளக்கை அணைத்தார்கள். பட்டுச் சேலையின் ஜரிகை எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்து மடித்தேன். இரட்டைச் சம்பளம் வரவில்லை. உங்கள் 17-ஐயும் 24-ஐயும் அந்தக் கடையில் வந்து சொல்லுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:
உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அது தனியார் கடை. அரசுப் பட்டியலில் 17 என்பதை அது மாற்றாது. சனிக்கிழமையை நான் கழித்தது சரி.

பழைய லெட்ஜர்:
சரி இல்லை. 19.

தேவகோட்டை வாத்தியார்:
17. பக்ரீத் எந்தக் கிழமை?

பழைய லெட்ஜர்:
சனி. வேலைநாள் சனி.

தேவகோட்டை வாத்தியார்:
உங்களுக்கு வேலைநாள். தாலுகா அலுவலகத்துக்கு இல்லை. தேவகோட்டையில் என் வீட்டுச் சுவரில் அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். சிவப்பு எழுத்தில் சனி என்றுதான் அச்சாகியிருக்கிறது.

கொப்பாத்தாள் பிள்ளை:
தேவகோட்டைக்காரர்களுக்குச் சுவரில் இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

தேவகோட்டை வாத்தியார்:
ஊரை இழுக்காதீர்கள். காரைக்குடிக்காரர்களைப் பற்றிச் சொல்ல எனக்கும் நிறைய இருக்கிறது.

தபால்பெட்டி:
உத்தரப் பிரதேசத்தில் 2017-இல் 15 பொது விடுமுறைகளை ஒரே அடியாக ரத்து செய்தார்கள். இங்கே ஒரு சனிக்கிழமையை ரத்து செய்ய மூன்று நாளாகச் சண்டை.

ராயவரம் ஆச்சி:
அடுத்த நார்த்தாமலைத் தேருக்குச் சிவகங்கை மாவட்டத்திலும் விடுமுறை கேட்டு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். தமிழ் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் யாராவது உதவி செய்யுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:
எழுதித் தருகிறேன் ஆச்சி. ஆனால் மனுவில் "பொது விடுமுறை" என்று எழுதாதீர்கள், "உள்ளூர் விடுமுறை" என்று எழுதுங்கள். லெட்ஜர்காரரே, ஜூன் 7-க்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பழைய லெட்ஜர்:
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.