வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள லீட்ஸ் நகரத்துக்காரர் வேடத்துக்கு, ஆங்கில உச்சரிப்பில் எந்த உயிரொலியை முதலில் பழகுவது?

கயல்வாணன்:
உகரம்தான். தெற்கு இங்கிலாந்தில் 'அ' கேட்கும் இடத்தில் 'உ' போட்டால் வேலை முடிந்தது. கப் 'குப்' ஆகும், லவ் 'லுவ்' ஆகும். யார்க்‌ஷயர்காரர்கள் இரண்டு ஒலிகளையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள்.

தேன்மொழி:
கலக்கவில்லை நண்பரே, பிரிக்கவே இல்லை. முன்பு எல்லா ஊரிலும் ஒரே குறில் உகரம்தான். 17ஆம் நூற்றாண்டில் தெற்கில் அது பிளந்து, 'கட்', 'சன்' போன்றவை அகரப் பக்கம் போயின. 'புட்', 'புல்', 'ஃபுல்' என உதட்டொலிக்குப் பின் வந்த சிலவற்றில் பழைய உகரம் நின்றுவிட்டது. வடக்கில் பிளவே நடக்கவில்லை. அதனால் கோல்ஃப் பந்தைத் தட்டும் 'பட்'டும், வைப்பதைச் சொல்லும் 'புட்'டும் அங்கே ஒன்றுபோல ஒலிக்கும்.

உங்கள் விதி தமிழ்க் காதை நம்புகிறது. நர்ஸ் என்று நாம் அகரத்தில் எழுதுகிறோம், ஆனால் அது வேறு நெடில். அதை 'நுர்ஸ்' ஆக்கக் கூடாது. 'அபவ்' என்பதில் அழுத்தம் இல்லாத முதல் அசையும் மாறாது: 'அபுவ்'. 'வன்' (one) பலர் வாயில் 'வொன்'.

கயல்வாணன்:
அழுத்தமில்லா அசையை விட்டுவிடுகிறேன். தெற்கில் நெடிலாக வரும் 'பாத்' (bath), 'கிராஸ்' (grass) இரண்டையும் வடக்கைப் போலக் குறிலாக்குவதில் என்ன சிரமம்?

தேன்மொழி:
தமிழ்க் குறில் அகரம் அங்கே மங்கிவிடும். 'ஆ'வுக்குத் திறக்கும் அளவு வாயைத் திறந்து ஒரு மாத்திரையில் நிறுத்துங்கள். 'ஃபாதர்', 'பாம்' (palm), 'கான்ட்' (can't) நெடிலாகவே இருக்கட்டும். நியூகாசிலில் 'பாத்' குறில், 'மாஸ்டர்' நெடில். ஊர் மாறினால் பட்டியலும் மாறும்.

செழியன்:
தமிழருக்குக் கைவந்த ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். தெற்கில் 'டே' (day) என்பது 'டெய்' என வழுக்கும். யார்க்‌ஷயரின் பழைய பேச்சில் நாக்கு நகராது. நம் ஏகாரமே போதும். 'கோ'வுக்கு (go) ஓகாரத்தைவிட வாய் சற்றுத் திறக்க வேண்டும். லிவர்பூல், மான்செஸ்டர் வேடத்துக்கு இதைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே ஒலி வழுக்கும்.

தேன்மொழி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதலில் பழக வேண்டியது குறில் 'பாத்'. படித்த வட இங்கிலாந்துக்காரர் பலர் உகரத்தை மழுக்கி நடுவாக்கிவிடுவார்கள். 'பாத்'தை நீட்ட மாட்டார்கள்.

கயல்வாணன்:
வழக்கறிஞர் வேடமென்றால் சரி. லீட்ஸ் பேருந்து ஓட்டுநர் 'பஸ்' என்று அகரத்தில் சொன்னால் முதல் வசனத்திலேயே வேடம் கலைந்துவிடும். உதட்டைக் குவித்து 'புஸ்' என்பதுதான் அவருக்கு முதல் பயிற்சி. 'அது' என்பதன் கடைசி உகரம் போல உதட்டைத் தளரவிட்டால் அந்த ஒலி வராது.