சூதக வலிக்குச் சின்சே கொடுத்த பொட்டலம்: குடிக்கலாமா?

ஈசூன் வாசகி (சிங்கப்பூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. வயதுக்கு வந்த நாள் முதலாகவே மாதவிலக்கின் முதல் இரண்டு நாள்களும் அடிவயிற்றில் பிடித்துப் பிழிவது போன்ற வலி எனக்கு உண்டு. மெஃபனாமிக் அமிலம் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் அலுவலகம் போய் வந்தேன். ஓராண்டாக அதைப் போட்டாலே நெஞ்செரிச்சல் தாங்க முடியவில்லை. இதைப் பார்த்த சீனத் தோழி ஒருவர், தம் குடும்பத்தார் வழக்கமாகப் போகும் சின்சேயிடம், அதாவது சீனப் பாரம்பரிய மருத்துவரிடம், என்னை அழைத்துச் சென்றார். அவர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை அழுத்தி நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வெந்நீர்ப் பை வைத்தால் வலி தணிகிறதா, கட்டி கட்டியாகப் படுகிறதா என்று கேட்டுவிட்டு, ஏழு பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்தார். ஒரு பொட்டலத்துக்கு மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒரு கிண்ணமாகச் சுண்டக் காய்ச்ச வேண்டுமாம். டாங் குய், பாய் ஷாவ், யான் ஹூ சுவோ, சியாங் ஃபு ஆகிய மூலிகைகள் அதில் இருப்பதாகத் தோழி படித்துச் சொன்னார்.

அம்மாவோ, சீன மருந்து சூடு, உதிரப்போக்கு அதிகமாகிவிடும் என்று பொட்டலத்தைப் பிரிக்கவே விடவில்லை. இது உண்மையில் பலன் தருமா? வலி மாத்திரையையும் இதையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளலாமா? பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ அக்கா (மலேசியா):

தங்கைக்கு வணக்கம். ஈப்போவில் ஒரு சீன மருந்துக்கடையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மருத்துவம் படித்தவள் அல்லள். இழுப்பறைகளிலிருந்து மருந்தை எடுத்து நிறுத்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஓட்டம் தடைபட்டால் வலிக்கும் என்பதுதான் இந்த வலியைப் பற்றிச் சின்சேக்கள் அடிக்கடி சொல்லும் வாக்கு. தடை எதனால் என்பதில்தான் மருந்து மாறுகிறது. வெந்நீர்ப் பைக்குத் தணிகிற வலியைக் குளிர்ச்சியால் வந்ததாகக் கொண்டு பட்டை, இஞ்சி போன்றவற்றைச் சேர்ப்பார்கள். கறுத்த கட்டிகளோடு குத்துகிற வலி என்றால் தேங்கிய இரத்தத்தை நகர்த்தும் மருந்துகளைச் சேர்ப்பார்கள். வெளுத்துச் சோர்ந்திருப்பவளுக்கு, டாங் குய், சுவான் சியோங், பாய் ஷாவ், ஷூ டி ஹுவாங் ஆகிய நான்கும் சேர்ந்த 'நான்கு பொருள் கஷாயம்' என்கிற பழைய முறையிலிருந்து தொடங்குவார்கள். உங்களிடம் அத்தனை கேள்வி கேட்டது இதற்காகத்தான். தோழிக்குக் கேட்ட பொட்டலம் உங்களுக்கும் கேட்கும் என்று எண்ணி ஒருவர் மருந்தை மற்றவர் வாங்கிக் குடிப்பதை மட்டும் எந்நாளும் செய்யாதீர்கள்.

அம்மாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். டாங் குய்யைச் சீனர்களும் சூட்டுத் தன்மை உள்ளதாகவே கருதுகிறார்கள். உதிரம் பட ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு, நின்ற பிறகு மறுபடி குடி என்று எங்கள் கடைக்கு வந்த மூத்த பெண்கள் மருமகள்களுக்குச் சொல்வதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆகவே எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் நிறுத்துவது என்பதைச் சின்சேயிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காய்ச்சும்போது செலரிக் கீரை வாடை வீடு முழுக்க வரும். அது டாங் குய்யின் வாடை, பயப்பட வேண்டாம். மண்சட்டியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ காய்ச்சுங்கள். இரும்புச் சட்டி ஆகாது என்பது கடையில் எல்லோருக்கும் சொல்லும் பாடம்.

மருந்தாளர் ஒருவர் (சிங்கப்பூர்):

மேலே அக்கா கூறியது சீன மருத்துவத்தின் மொழி. அதே வலியை எங்கள் துறையில் இப்படி விளக்குவோம்: கருப்பையின் உள்படலம் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரக்கிறது; அது கருப்பைத் தசையை இறுக்குகிறது; இறுகிய தசைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் வலிக்கிறது. மெஃபனாமிக் அமிலமும் ஐபுபுரூஃபனும் அந்தச் சுரப்பையே குறைப்பவை. ஆதலால் வலி முற்றிய பின் போடுவதைவிட, உதிரம் பட்டவுடன், உணவுக்குப் பிறகு போடுவதே கூடுதல் பலன் தரும். நெஞ்செரிச்சல் தொடர்ந்தால் மாற்று வழி உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மூலிகைகள் பலன் தருமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, தரக்கூடும் என்பதே. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 39 ஆய்வுகளில் பங்கேற்ற 3,475 பெண்களின் விவரங்களைத் திரட்டிப் பார்த்து, சீன மூலிகைகள் வலியைக் குறைப்பதற்கான நம்பிக்கை தரும் அறிகுறிகள் உள்ளன என்றும், ஆனால் அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட தரம் குறைவானது என்றும் கூறியது. இரண்டாம் பகுதியை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் விளம்பரங்களில் போடுகிறார்கள் என்பது என் வருத்தம். யான் ஹூ சுவோவில் டெட்ராஹைட்ரோபால்மடின் என்ற வலிநீக்கும் பொருள் இருப்பது உண்மை. அதே பொருளைச் செறிவாகக் கொண்ட மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருப்பதும் உண்மை.

இரண்டையும் ஒரே நாளில் எடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வலி மாத்திரையும் இரத்தம் உறைவதைச் சற்றுத் தளர்த்தும். டாங் குய் போன்றவையும் அப்படிச் செய்யக்கூடும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்தை எடுப்பவர்களும், கருவுற்றிருக்க வாய்ப்புள்ளவர்களும் டாங் குய்யைத் தொடவே கூடாது. பொட்டலத்தில் அதிமதுரம் இருந்து, உங்களுக்கு இரத்த அழுத்தமும் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை எடுத்த பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த, சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட வேறொரு மூலிகை சேர்ந்துவிட்டதே காரணம். வாங்கும் இடம் முக்கியம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும். உங்கள் சின்சேயின் பெயர் பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்துவிட்டுக் குடியுங்கள்.

நெல்லைச் சித்த மாணவர்:

ஒரு தகவல் மட்டும். உங்கள் பட்டியலில் உள்ள சியாங் ஃபு வேறெதுவும் அன்று. நம் வயல் வரப்பில் முளைக்கும் கோரையின் கிழங்குதான். முத்தக்காசு என்றும் சொல்வோம். நாம் அதைப் பெரிதும் காய்ச்சலுக்கும் செரிமானத்துக்கும் கொடுக்கிறோம். சீனத்தில் 16-ஆம் நூற்றாண்டு மருத்துவர் லி ஷிசென் அதைப் பெண்நோய் மருத்துவத்தின் படைத்தலைவன் என்றே எழுதினார். மாதவிலக்கு வலிக்கென்றால் அதைப் புளிக்காடியில் ஊறவைத்து வறுத்துப் பயன்படுத்துவது அவர்கள் முறை. யான் ஹூ சுவோவையும் காடியில்தான் பக்குவம் செய்வார்கள். அதிலுள்ள ஆல்கலாய்டு என்னும் மருந்துப் பொருள்கள் புளிப்பில் நன்றாகக் கரையும் என்பதால் அந்த வழக்கத்தில் வேதியியல் நியாயமும் இருக்கிறது.

பினாங்கு வாசகி:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் நான்கு ஆண்டுகள் கஷாயம் குடித்தேன். முதல் சில மாதங்கள் நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு வலி விலக்கு நாள்களோடு நிற்காமல் முன்னும் பின்னும் நீண்டது. மலம் கழிக்கும்போதுகூட இடுப்புக்குள் கத்தி இறங்கியது. பெண் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று வீட்டில் சொன்னார்கள். நானும் பொட்டலத்தை மாற்றி மாற்றிக் குடித்தேன். கடைசியில் அது எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்றும், இடது சூலகத்தில் ஐந்து சென்டிமீட்டர் கட்டி இருக்கிறது என்றும் தெரிந்தது. மூலிகையை நான் குறை சொல்லவில்லை. அது என் வலியைக் கொஞ்சம் மூடி வைத்தது. அதனால் நான் மருத்துவரைப் பார்க்கத் தாமதித்தேன். தங்கையே, வலி ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் வலி கூடிக்கொண்டே போனால் விடாமல் கேளுங்கள். இந்த நோய் எல்லா நேரமும் ஸ்கேனில் தெரிவதில்லை.

ஈசூன் வாசகி:

அனைவருக்கும் நன்றி. பினாங்கு அக்கா கேட்டதைப் படித்துவிட்டு மூன்று ஆண்டு நாள்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். முன்பு இரண்டு நாள் என்று எழுதிய வலி, இந்த ஆண்டில் பல மாதங்களில் நான்கு நாள் என்று இருக்கிறது. எனக்கே இது தெரியாமல் போயிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் வரும் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். சின்சேயின் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஸ்கேன் முடிவைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி, அதுவரை பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஏழு பொட்டலங்களையும் அம்மா அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சியாங் ஃபு என்பது கோரைக்கிழங்கு என்று சொன்னதும், ஒன்றை மட்டும் பிரித்து முகர்ந்து பார்த்தார்.