புதுப்பிப்பு: ஸ்ட்ரீமிங் பாக்ஸ் தேர்வு, விட்டுப்போன விஷயங்கள்

ஹோம் தியேட்டருக்கு 4கே, டால்பி விஷன் (ஒளியும் நிறமும் செறிவாகத் தெரியும் பட வடிவம்), அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் கேட்கும் சரவுண்ட் ஒலி) மூன்றும் உள்ள பாக்ஸ் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது. எந்த அட்மாஸ் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓடிடி செயலிகளில் அட்மாஸ் பொதுவாக டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய ஒலி வடிவில் வருகிறது. டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் கருவி) அனுப்பும் சாதாரண ஏஆர்சியே அதைக் கடத்திவிடும். ப்ளூ-ரேயிலிருந்து எடுத்த கோப்புகளில் இருப்பது ட்ரூஎச்டி என்ற தரம் குறையாத ஒலி வடிவம். அதற்குப் பாக்ஸில் பாஸ்த்ரூ, அதாவது ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் வசதி, வேண்டும். டிவி வழியாக ரிசீவருக்குப் போனால் ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி கட்டாயம். பாக்ஸை நேராக ரிசீவரில் செருகிவிட்டால் அந்தத் தலைவலியே இல்லை. 2019-இல் வந்த என்விடியா ஷீல்ட் டிவி ப்ரோ இந்த பாஸ்த்ரூவைச் செய்யும்.

அடுத்தது ஃப்ரேம் ரேட். இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. திரைப்படங்கள் பெரும்பாலும் வினாடிக்கு 23.976 ஃப்ரேம். பாக்ஸ் 60 ஹெர்ட்ஸிலேயே (வினாடிக்கு 60 முறை படம் காட்டும் வேகம்) நின்றால் ஒரு ஃப்ரேம் 2 முறை, அடுத்தது 3 முறை என்று காட்டப்படும். கேமரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும்போது கட்டட விளிம்புகள் வெட்டி வெட்டி நகர்வது அதனால்தான். படத்தின் ஃப்ரேம் ரேட்டுக்கு ஏற்பத் திரையின் வேகத்தை மாற்றும் ‘மேட்ச் ஃப்ரேம் ரேட்’ வசதி உள்ள பாக்ஸையே வாங்குங்கள். மாறும்போது திரை ஓரிரு வினாடி கறுப்பாகும்; அது பழுதல்ல.

வீட்டு நெட்வொர்க் கேபிளைச் செருகும் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டும் என்றால், 4கே ப்ளூ-ரே கோப்புகள் உச்சத்தில் அதைத் தாண்டி அங்கங்கே நிற்கும். கிகாபிட் போர்ட் பாருங்கள். ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பொருட்டே இல்லை.

எச்டிஆர் (ஒளி-இருள் வேறுபாட்டைக் கூடுதலாகக் காட்டும் பட முறை; டால்பி விஷனும் அதில் ஒரு வகை) வரவில்லையா? முதலில் டிவியில் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டை ‘என்ஹான்ஸ்ட்’ முறைக்கு மாற்றுங்கள், பிறகு கேபிளைச் சந்தேகப்படலாம்.