வீட்டிலும் வேலையிடத்திலும் எதிர்ப்பு: விசுவாசத்தைப் பகிர்வது எப்படி?

ஈசூன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஞானஸ்நானம் பெற்றேன். எங்கள் குடும்பத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் நான்தான். கடந்த டிசம்பரில் என்னுடன் பணிபுரியும் மூவரைத் தமிழ் ஆராதனைக்கு அழைத்து, அவர்களில் ஒரு பெண்ணிடம் கைப்பிரதி ஒன்றையும் கொடுத்தேன். அவர் மனிதவளப் பிரிவில் புகார் செய்துவிட்டார். மேலாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, ஆனால் இனி இப்படிச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அதைவிட வருத்தம் வீட்டில்தான். அப்பாவின் திதியன்று பிண்டம் வைக்க மறுத்ததிலிருந்து அம்மா என்னிடம் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறார். கிறிஸ்துவைப் பற்றிய பேச்சை எடுப்பதாயிருந்தால் வீட்டுப் பக்கம் வராதே என்று அண்ணன் சொல்லிவிட்டார். பேசாமல் இருந்தால் ஆண்டவரை மறுதலித்தவன் ஆவேனோ என்ற அச்சம் என்னை உறுத்துகிறது. சிங்கப்பூர்ச் சட்டம் எதுவரை அனுமதிக்கிறது என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சட்டம் பயின்றவன்:

சகோதரரே, சட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை உண்டு என்று நம் அரசமைப்பின் 15ஆவது பிரிவு வெளிப்படையாகவே கூறுகிறது. பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் ஆகியவை பற்றிய பொதுச் சட்டங்களுக்கு முரணான செயலுக்கு அந்த உரிமை இடம் தராது என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. 1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நற்செய்தி சொல்வதைத் தடுப்பதற்காக வந்ததன்று. சமயக் குழுக்களுக்கிடையே பகையை மூட்டுவதைத் தடுப்பதே அதன் முக்கிய நோக்கம். 2009இல் ஒரு கணவனும் மனைவியும் பிற சமயங்களை இழித்துப் பேசும் கைப்பிரதிகளை அஞ்சலில் அனுப்பியதற்காகத் தலா எட்டு வாரச் சிறைத்தண்டனை பெற்றனர். அப்போது அவர்கள்மீது பாய்ந்த தேச நிந்தனைச் சட்டம் இன்று நடப்பில் இல்லை என்றாலும், அத்தகைய செயல் இன்றும் குற்றமே. ஆகவே நீங்கள் கொடுத்த பிரதியில் பிறருடைய வழிபாட்டைப் பற்றி என்ன எழுதியிருந்தது என்பதை முதலில் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். நம்மில் பலர் படிக்காமலேயே கொடுக்கிறோம்.

இன்னொன்று: அந்தப் பெண் உங்களுக்குக் கீழ் பணிபுரிகிறவரா? அப்படியானால், ஆண்டு இறுதியில் மதிப்பீட்டு அறிக்கை எழுதும் கையிலிருந்து வரும் அழைப்பை அவரால் எப்படி மனம் திறந்து மறுக்க முடியும்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

தம்பி, நான் கிறிஸ்தவளாகி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. முதல் ஐந்து ஆண்டுகள் நான் செய்ததெல்லாம் தவறு. அம்மாவின் பூசை அறை வாசலில் நின்று வசனம் சொன்னேன். பக்கத்து வீட்டார் காதில் விழ உரக்க ஜெபித்தேன். அதற்குச் சாட்சி என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில், பிசாசுகள் நீங்கிய மனிதன் தானும் உடன் வருவதாகக் கெஞ்சியபோது, வீட்டுக்குப் போய்க் கர்த்தர் தனக்குச் செய்ததை வீட்டாருக்குச் சொல்லும்படி ஆண்டவர் அவனை அனுப்பிவிட்டார். கவனியுங்கள், தனக்குச் செய்ததைச் சொல்லச் சொன்னாரே தவிர, அவர்கள் செய்வதில் உள்ள பிழையைச் சொல்லச் சொல்லவில்லை. பேதுருவும், கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும்படிதான் எழுதினார். கேட்பதற்கு ஒருவர் வேண்டுமல்லவா? ஆகவே இப்போதைக்கு நீங்கள் பேசாமல் இருப்பதை மறுதலிப்பு என்று நான் கருதமாட்டேன். உங்களைக் கிறிஸ்தவனா என்று நேருக்கு நேர் கேட்டு, நீங்கள் இல்லை என்று சொன்னால்தான் அது மறுதலிப்பு.

அன்று டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கைச் சிறையில் தள்ளியவர் ஓர் இந்து அல்லர், அங்கிருந்த டேனிஷ் ஆளுநரே. மாதக்கணக்கில் அவர் கோட்டைச் சிறையில் கிடந்தார். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் தமிழரிடம் கேள்விகளை எழுதி அனுப்பிப் பதில் கடிதங்களை வாங்கியதுதான். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூல் அச்சேற ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அவரை அனுப்பியவர்களுக்கே அது பிடிக்கவில்லை. எதிர்ப்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

உங்கள் அம்மாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள். பிண்டம் வைக்க மறுத்தபோது அவருக்கு என்ன அச்சம் உண்டானது என்று கேளுங்கள். தான் கண்ணை மூடினால் கொள்ளி வைக்க ஆள் இருக்காதோ என்று என் அம்மா பதினொரு ஆண்டுகள் தூங்காமல் இருந்திருக்கிறார். நானோ அதைக் கிறிஸ்துவின்மீதான வெறுப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். சடங்கைச் செய்யாமலேயே இறுதிவரை உடனிருப்பேன், குளிப்பாட்டுவேன், தோள் கொடுப்பேன் என்று நான் சொன்ன பிறகுதான் என் சபையைப் பற்றி அவர் முதல் கேள்வி கேட்டார்.

டேங்க் ரோடு அடியேன்:

நான் கிறிஸ்தவன் அல்லன். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவன். இங்கு நான் எழுதலாமா என்று தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். என் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தம் நம்பிக்கையைப் பற்றி என்னிடம் பேசுகிறார், எனக்குச் சினம் வந்ததே இல்லை. வேறொருவர் ஒரே ஒரு முறை என் முருகனைப் பேய் என்றார். அவருடன் பேச்சை நிறுத்தி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முன்னவர் என் தந்தை மருத்துவமனையில் கிடந்தபோது, என் அனுமதியைக் கேட்டுவிட்டுத்தான் ஜெபித்தார். உங்கள் அண்ணனின் கோபம் என்ன என்று எனக்கு ஓரளவு புரிகிறது, ஐயா. திதியன்று பிண்டம் வைக்காவிட்டாலும், வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கலாமே?

ஈசூன்வாசி:

அனைவருக்கும் நன்றி. கைப்பிரதியை நேற்றிரவு முழுமையாகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நான் யாரிடமும் நேரில் சொல்லத் துணியாத ஒரு வரி இருக்கிறது. அந்தப் பெண்ணின் மதிப்பீட்டை எழுதுபவன் நான் அல்லன், எனினும் அவருடைய பணி நேரத்தை ஒதுக்குபவன் நான்தான். திங்கட்கிழமை அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். திதியன்று பரிமாறும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அன்று நான் வீட்டுக்கே போகவில்லை. ஆசிரியை அக்கா சொன்ன கேள்வியை அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு முறை கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் அண்ணன் வேலையில் இருக்கும் நேரத்தில், தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நேரில் போகிறேன்.