கத்தரியிலும் தட்டைப்பயறிலும் இருப்பது ஒரே பொறிவண்டுதானா?

கேள்வி: தோட்டக்காரி, கானாடுகாத்தான்

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்கட்டை ஒட்டிய தோட்டத்தில் கத்தரியும் தட்டைப்பயறும் அருகருகே நிற்கின்றன. இரண்டிலும் சிறு பொறிவண்டுகள் திரிகின்றன. ஆனால் கத்தரி இலைகள் மட்டும் அரிக்கப்பட்டு நரம்பு தெரிய நிற்கின்றன. பயற்றின் கொழுந்தில் ஆறு கால்களுள்ள, நீண்ட கறுப்புப் புழுக்களும் ஓடுகின்றன. அடுத்த வீட்டு ஆச்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து மருந்து அடித்துவிடச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: காய்கறி விவசாயி, தேவகோட்டை

தயவுசெய்து அடிக்காதீர்கள், அம்மா. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு இனங்கள்.

கத்தரியில் இருப்பது இலை தின்னும் எப்பிலாக்னா வண்டு. மங்கிய செம்பு நிறமாக இருக்கும்; இனத்தைப் பொறுத்து முதுகில் 12 அல்லது 28 புள்ளிகள் காணப்படும். உடலில் நுண்ணிய ரோமம் படர்ந்திருப்பதால் வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் அது மின்னாது. அதன் புழு மஞ்சளாக, கிளைத்த முட்களோடு இருக்கும். வண்டும் புழுவும் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை விட்டுவிடுகின்றன.

பயற்றில் இருப்பது பெரும்பாலும் நம் பக்கத்தில் சாதாரணமாகக் காணப்படும் ஆறு புள்ளிப் பொறிவண்டாக இருக்கும். மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த வழவழப்பான முதுகில் நெளிநெளியான கறுப்புக் கோடுகள் ஓடும். நீங்கள் கண்ட கறுப்புப் புழு அதன் இளம்பருவமேயாகும். கொழுந்தில் அப்பிக்கிடந்து சாறு உறிஞ்சும் அசுவினியை வண்டும் புழுவும் தின்று தீர்க்கின்றன. மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரர்கள்தான்.

பதில்: உயிரியல் ஆசிரியர், காரைக்குடி

ஒரு வண்டைக் கண்ணாடிக் குப்பியில் விட்டு உருப்பெருக்கியால் பாருங்கள். புள்ளிகள் உள்ள அந்த ஓடு, கெட்டிப்பட்டுப்போன முன்னிறக்கைகளே. பறக்கும்போது அவை விரிந்து ஒதுங்க, அவற்றினும் நீளமான மெல்லிய பின்னிறக்கைகள் மடிப்பவிழ்ந்து வெளியே வரும். தலையின் பெரும்பகுதியை முன்மார்பு மறைத்துக்கொண்டிருப்பதால், அதிலுள்ள வெள்ளைத் திட்டுகளைக் கண்களென்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். தொட்டால் கால் மூட்டுகளிலிருந்து கசப்பான மஞ்சள் நீர் கசியும். பறவைகள் இவற்றைத் தவிர்ப்பதற்கு அது ஒரு காரணம். உணவுப் பழக்கம் தாடையிலும் தெரியும்: இரை பிடிக்கும் இனங்களின் தாடை நுனி பொதுவாக இரண்டாகப் பிளந்திருக்கும், இலை தின்னும் இனங்களுக்கோ சுரண்டுவதற்கேற்ற பல பற்கள் உண்டு.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி, ஐயா. முட்டையிலேயே இரண்டையும் பிரித்தறிய முடியுமா?

பதில்: காய்கறி விவசாயி, தேவகோட்டை

நிறத்தை வைத்துப் பிரிப்பது கடினம். இரண்டும் மஞ்சளாக, கொத்தாக, செங்குத்தாக நிற்கும். கத்தரி இலையின் அடியில், அசுவினி இல்லாத இடத்தில் இருந்தால் அது பெரும்பாலும் எப்பிலாக்னாவே. இலையோடு கிள்ளி அழித்துவிடுங்கள். வண்டுகளையும் முள்புழுக்களையும் காலையில் கையால் பொறுக்கினால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும். பயற்றங்கொடியில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அசுவினி கழிக்கும் தேன்போன்ற நீருக்காக எறும்புகள் பொறிவண்டை விரட்டிவிடும்.