பவர் பேங்க் பெட்டியிலயா, கையிலயா? நாளைக்கு ஃப்ளைட், அவசரம்

கடல்காற்று:
நாளை ராத்திரி ஃப்ளைட். புதுசா ஒரு பெரிய பவர் பேங்க் வாங்கியிருக்கேன். பெட்டியில போட்டா எடுத்துடுவாங்கன்னு ஒருத்தர் சொல்றார், கையில கொண்டு போனா பிடுங்கிடுவாங்கன்னு இன்னொருத்தர். எது சரி? பேக்கிங் பாதியில நிக்குது.

ரன்வே07:
எங்கிருந்து எங்கே? எந்த ஏர்லைன்ஸ்? பெரிசுன்னா எத்தனை எம்ஏஎச் (mAh, பேட்டரியோட கொள்ளளவு)? பின்பக்க லேபிள்ல என்ன போட்டிருக்கு?

சோல்டர்:
அதெல்லாம் தெரியறதுக்கு முன்னாடி ஒண்ணு: சின்னதோ பெரிசோ, செக்-இன் பெட்டியில போடவே போடாதீங்க. பவர் பேங்க் உதிரி பேட்டரி கணக்குல வரும், கேபின்ல மட்டும்தான். எக்ஸ்ரேயில தெரிஞ்சா பெட்டியை நிறுத்தி வச்சு உங்களைக் கூப்பிடுவாங்க.

கடல்காற்று:
சென்னை – சிங்கப்பூர். 30000.

மல்லிப்பூ:
30000 எம்ஏஎச் × 5 வோல்ட் ÷ 1000 = 150 வாட் அவர் (Wh, மொத்த ஆற்றலோட அளவு). ஃப்ளைட்ல எல்லை 100 வாட் அவர்தான். 20000 பவர் பேங்க்கே சரியா 100ல வந்து நிக்குது, அதனாலதான் எல்லாரும் 20000 போதும்னு சொல்றாங்க.

வானூர்தி_வாசகர்:
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. 5 வோல்ட்டால் பெருக்குவது தவறு. எம்ஏஎச் என்று பெரிதாக அச்சிடுவது உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் கொள்ளளவு. செல்லின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். 20000 × 3.7 ÷ 1000 = 74 வாட் அவர். 27000க்கு 99.9. உங்கள் 30000க்கு 111. 100 வரை முன் அனுமதி தேவையில்லை. 100க்கு மேல் 160 வரை ஏர்லைன்ஸின் ஒப்புதல் வேண்டும், அதுவும் ஆளுக்கு இரண்டுதான். 160ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை. அடிப்படை தெரியாமல் கணக்குப் போட்டுப் பிறரைக் குழப்பாதீர்கள்.

மல்லிப்பூ:
யூஎஸ்பியில வெளிய வர்றது 5 வோல்ட்தானே சார்? தெரியாமத்தான் கேக்கறேன், கோபம் எதுக்கு?

சோல்டர்:
நல்ல கேள்விதான் மேடம். 3.7ஐ 5 ஆக்கறது உள்ள இருக்கற சர்க்யூட். வோல்ட் ஏறினா எம்ஏஎச் இறங்கும், கொஞ்சம் சூடாவும் போகும். அதனாலதான் 20000 பவர் பேங்க் லேபிள்லயே சின்ன எழுத்துல "5 வோல்ட்டில் 12000"னு ஏதாவது இருக்கும். பெரிய எண்ணை 5ஆல பெருக்கினா இல்லாத மின்சாரத்தைக் கணக்குல சேர்க்கறோம். ஆனா வாசகர் சொல்ற 3.7ம் எப்பவும் பொருந்தாது. சிலதுல 3.85 வோல்ட் செல். செல்லைத் தொடரா கோத்திருந்தா 7.4ன்னே போட்டிருக்கும். அதனால லேபிளைப் படிக்கணும்.

ரன்வே07:
அதேதான். லேபிள் அழிஞ்சிருந்தா, செக்யூரிட்டியில நம்ம கணக்கு எடுபடாது. ஏர்லைன்ஸ் பேரை இன்னும் சொல்லலியே? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் ரெண்டுலயும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது பவர் பேங்க்ல போன் சார்ஜ் போடவும் கூடாது, பவர் பேங்க்கை சீட் யூஎஸ்பியில சொருகவும் கூடாது.

பின்சீட்:
தீப்பிடிக்கற பொருளை ஆளுங்க பக்கத்துல வைக்கச் சொல்றது எனக்குப் புரியல. கீழ சரக்கறையில ஹாலன் வாயு இருக்கே, அது அணைச்சுடாதா?

சோல்டர்:
ஹாலன் சுவாலையை அடக்கும், சூட்டைத் தணிக்காது. லித்தியம் செல் ஒண்ணு கொதிக்க ஆரம்பிச்சா அந்தச் சூட்டுல பக்கத்துச் செல்லும் கொதிக்கும். அந்தச் சங்கிலியை அறுக்கணும்னா தண்ணி ஊத்திக் குளிர வைக்கணும். கேபின்ல கண்ணுல படும், கை எட்டும். துபாயில 2010 செப்டம்பர் 3 அன்னிக்கு யூபிஎஸ் பார்சல் கம்பெனியோட 747 விமானம் உள்ளே தீப்பிடிச்சு விழுந்ததே, ஹாலனாலயும் முடியல.

வானூர்தி_வாசகர்:
அந்த உதாரணம் பொருந்தாது. அது சரக்கு விமானம். தீப்பிடித்த பிரதான சரக்குத் தளத்தில் ஹாலனே கிடையாது. காற்றழுத்தத்தைக் குறைத்து ஆக்சிஜனைக் குறைப்பதுதான் அங்கே முறை.

சோல்டர்:
சரி, அது என் தப்பு. சூட்டைப் பத்திச் சொன்னது மாறல.

பின்சீட்:
அப்ப தலைக்கு மேல இருக்கற ரேக்ல வச்சா?

ரன்வே07:
அங்கயும் வேண்டாம். 2025 ஜனவரி 28, பூசான் கிம்ஹே விமான நிலையத்துல ஏர் பூசான் ஏ321 விமானம் கிளம்பறதுக்கு முன்னாடி ரேக்லேருந்துதான் தீ கிளம்பிச்சு. மார்ச் 1லேருந்து கொரியாவுல பவர் பேங்க்கை ரேக்ல வைக்க விடறதில்ல. கைக்கெட்டற இடத்துல வச்சுக்கங்க. யூஎஸ்பி வாயில டேப் ஒட்டுங்க, இல்லன்னா தனிப் பையில போடுங்க. சாவி, சில்லறையோட கலக்காதீங்க. சென்னை செக்யூரிட்டியில லேப்டாப் மாதிரி இதையும் வெளிய எடுத்து ட்ரேயில வைக்கணும்.

கடல்காற்று, லேபிள் பாத்தீங்களா?

கடல்காற்று:
பாத்தேன். 3.85 வோல்ட், 115.5 வாட் அவர்னு இருக்கு. ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டேன், நாளைக்குள்ள அனுமதி கிடைக்கறது கஷ்டமாம். வீட்டுலயே வச்சுட்டேன். பழைய 10000 ஒண்ணு கொண்டு போறேன். எல்லாருக்கும் நன்றி.

சோல்டர்:
அது உப்பியிருக்கான்னு பாத்துக்கங்க. சமதரையில வச்சா ஆடுதா? ஆடினா, மூடி விலகியிருந்தா, அதையும் எடுக்காதீங்க.

ரன்வே07:
பழசுல எழுத்து அழிஞ்சிருக்கும். படிக்க முடியுதா?