எச்.டி. 800 எஸ் ஹெட்போன் வாங்கலாமா? வீணையும் மிருதங்கமும்தான் அதிகம் கேட்பேன்

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக சென்ஹைசர் எச்.டி. 560 எஸ் ஹெட்போன் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் ஹெட்போன் மாட்டுகிற ஒரு சின்ன டாங்கிள் போட்டுத்தான் கேட்கிறேன், ஒலியைக் கூட்டித் தருகிற தனி ஆம்ப் கிடையாது. கேட்பது பெரும்பாலும் கச்சேரிதான். வீணை, புல்லாங்குழல், தனி ஆவர்த்தனம். பாதிக்கு மேல் பழைய வானொலிப் பதிவுகள், மீதி இப்போதைய சபாப் பதிவுகள்.

சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. எச்.டி. 800 எஸ் மேல் ரொம்ப நாள் ஆசை. அதைக் காதில் வைத்துப் பார்க்க எனக்கு இங்கே கோவையில் வழி கிடைக்கவில்லை. படிக்கிற விமர்சனம் எல்லாம் ராக், ஜாஸ், மேற்கத்திய ஆர்கெஸ்ட்ரா என்றே போகிறது. மிருதங்கத்தின் சாபு என்கிற அடி எப்படி விழுகிறது, கமகம் எப்படிக் கேட்கிறது என்று ஒருவரும் எழுதுவதில்லை. நம் சங்கீதம் கேட்பவர் யாராவது வைத்திருந்தால் சொல்லுங்கள். 560 எஸ்ஸிலிருந்து போனால் என்ன கூடுதலாகக் கிடைக்கும்? ஆம்ப்புக்கும் பணம் ஒதுக்க வேண்டுமா?

குடமுருட்டி:

தம்பி, 800 எஸ்ஸை மூன்று வருடம் வைத்திருந்து போன தை மாதம்தான் விற்றேன். விற்றதால் அது மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கும்பகோணம். பத்து வயதிலிருந்து பதினாறு வரை மிருதங்கம் கற்றேன். அக்கா வீணை வாசிப்பவர், பக்கத்துத் தெருவில்தான் வீடு. எந்த ஹெட்போன் வந்தாலும் அக்கா வீட்டுக் கூடத்துக்கு எடுத்துப் போய்விடுவேன். அக்கா வாசிக்கும்போது ஆறடி தள்ளி ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்வேன். முடிந்ததும், நாதம் காதில் இருக்கும்போதே, ரெக்கார்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்பேன். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. சபாப் பதிவில் மைக் எங்கே இருந்தது, மிக்சரில் என்ன செய்தார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்? இங்கே அசல் எப்படி இருந்தது என்று தெரியும்.

800 எஸ்ஸில் அந்தப் பதிவை முதல் தடவை போட்டபோது கூடமே வந்தது. எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலி, இடது கை விரல் மெட்டின் மேல் தந்தியை இழுக்கும்போது வருகிற மெல்லிய உரசல், தாளத் தந்திகள் மூன்றும் ஓரமாகத் தனியே. உங்களிடம் உள்ள அதே 560 எஸ் மாடல் என் தம்பி மகனிடமும் இருக்கிறது, அதிலும் அதே பதிவைக் கேட்டிருக்கிறேன். உரசல் அதிலும் கேட்கும், ஆனால் சுரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். 800 எஸ்ஸில் சுரம் ஓர் இடத்தில், உரசல் ஓர் இடத்தில். ஒலி எழுப்புகிற 56 மி.மீ. டிரைவரைக் காதுக்கு நேராக வைக்காமல், சற்று முன்னால் தள்ளிச் சாய்வாகப் பொருத்தியிருக்கிறார்கள். ஒலி காதுமடலில் பட்டுத் திரும்பி உள்ளே போகிறது. எட்ட இருந்து வருவது போலத் தோன்றுவதற்கு அதற்குப் பெரிய பங்கு உண்டு. எடையும் 330 கிராம்தான், இரண்டு மணி நேரக் கச்சேரி முழுக்கக் கழற்றாமல் கேட்டிருக்கிறேன்.

ஆனால் வலது கை மீட்டு எனக்கு ஒத்துவரவில்லை. அக்கா நகத்தால் மீட்டுவார். நேரில் கேட்டால் நகத்துக்குப் பின்னால் விரலின் சதையும் இருக்கிறது என்பது தெரியும். 800 எஸ்ஸில் நகம் மட்டும் கேட்டது. 2009-இல் வந்த முதல் எச்.டி. 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு, அந்த இடத்தில் ஒலி தூக்கலாக வரும். பலர் அதைப் பிரித்து உள்ளே துணியும் நுரையும் வைத்துச் சரி செய்துகொண்டார்கள். 2016-இல் எஸ் வந்தபோது நிறுவனமே அந்த மேட்டை உறிஞ்சும் அமைப்பை உள்ளே வைத்தது. என் காதுக்கு அது குறைந்ததே தவிர மறையவில்லை. அலைவெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்குகிற ஈக்வலைசரில் அந்த இடத்தை மூன்று டெசிபல் இறக்கியதும் அக்காவின் விரல் திரும்ப வந்தது. விண்டோஸில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ. என்ற மென்பொருள் இலவசம், வாங்கினால் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

மிருதங்கத்துக்கு வருகிறேன். சாதாரணத் தோல் வாத்தியத்துக்குத் தெளிவான சுருதி இருக்காது. மிருதங்கத்துக்கு இருக்கிறது, ஏனென்றால் வலந்தலை என்கிற வலது பக்கத் தோலின் நடுவில் உள்ள கரணை, அந்தக் கரும்பூச்சு, மேலொலிகளை இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் 1920-இலேயே நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹெட்போனைச் சோதிப்பவருக்கு இது பெரிய உதவி. மேல் அலைவெண்களில் எங்கேயாவது ஏற்ற இறக்கம் இருந்தால் சாபுவின் நிறம் மாறிவிடும், பழகிய காது உடனே பிடித்துவிடும். 800 எஸ்ஸில் சாபு வெள்ளிக் கிண்ணம் போல ஒலித்தது. அழகுதான், ஆனால் தோல் கொஞ்சம் மறைந்துபோயிற்று. தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், கும்கி என்கிற ஒலி வளைந்து மேலே ஏறுவது ஒவ்வொரு இழையாகத் தெரிந்தது. அந்த வளைவு தெரிந்தது, நெஞ்சில் வந்து விழவில்லை.

என்னிடம் இப்போதும் இருப்பது எச்.டி. 650. 2003-இல் வந்த மாடல், நான் 2011-இல் வாங்கினேன். கூடம் அதில் சுருங்கிவிடும், மேடைக்கு மூன்றாவது வரிசையிலிருந்து பக்கவாத்தியக்காரர் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தது போல. உரசல் மங்கும். ஆனால் வீணையின் குடம் வரும். அந்தப் பலாமரத்து நாதம், வயிற்றில் உணர்கிற அது, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபோதெல்லாம் 650-இல்தான் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. கேட்டுக்கொண்டே மணி போவது தெரியாமல் இருந்ததும் அதில்தான். அதனால்தான் 800 எஸ்ஸை விற்றேன்.

பழைய வானொலிப் பதிவுகள் பாதிக்கு மேல் என்று எழுதியிருக்கிறீர்களே, முடிவெடுக்க அதுதான் முக்கியம். அவற்றில் பெரும்பாலானவை மோனோ. மோனோ பதிவை எத்தனை உயர்ந்த ஹெட்போனில் போட்டாலும் பாடகர், வயலின், மிருதங்கம் மூவரும் தலைக்குள் நடுவில் ஒரே இடத்தில்தான் நிற்பார்கள். 800 எஸ்ஸின் பெரும் பலமே இடவிசாலம், அதற்கு அங்கே வேலையில்லை. டேப் இரைச்சல் மட்டும் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். இன்றைய சபாப் பதிவுகளுக்கு அது பிரமாதம். நீங்கள் எதை அதிகம் கேட்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஆம்ப் பற்றி. 800 எஸ், 650 இரண்டும் 300 ஓம் மின்தடை உள்ளவை. அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து பெரிய ஆம்ப் வாங்குகிறவர்கள் நிறைய. ஆனால் இரண்டுமே ஒரு வோல்ட் கொடுத்தால் 102, 103 டெசிபல் தரக்கூடியவை. காதுக்கு அதுவே அதிகம். கச்சேரிப் பதிவில் ஆலாபனை மெலிந்தும் தனி ஆவர்த்தனம் உரத்தும் இருக்கும் என்பதால் கொஞ்சம் கூடுதல் இருப்பு வேண்டும், இரண்டு வோல்ட் தருகிற டாங்கிள் போதும். வால்வ் ஆம்ப்பில் 650 இனிமையாக இருக்கிறது என்பார்கள், எனக்கும் பிடிக்கும். அதற்குக் காரணம் உண்டு. 650-இன் மின்தடை 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓம் அளவுக்கு ஏறும். வெளியீட்டுத் தடை அதிகமுள்ள வால்வ் ஆம்ப்பில் மாட்டினால் அந்த இடத்தில் ஒலி உயர்ந்துவிடும். தொப்பி கொஞ்சம் கனக்கும். ஆம்ப்புக்குப் பணம் ஒதுக்காதீர்கள்.

அப்புறம் நம் ஊர் விஷயம் ஒன்று. இவை எல்லாம் ஓப்பன் பேக், பின்பக்கம் திறந்தவை, வெளிச்சத்தம் உள்ளே வரும். மின்விசிறி ஓடினால் தம்புராவின் ஜீவா ஒலி, அந்த ரீங்காரம், அதில் கரைந்துவிடும். நான் காலை நான்கரைக்கு எழுந்து, விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திக் கேட்கிறேன். சித்திரை, வைகாசியில் அதுவும் முடியாது. இத்தனை பணம் போடுமுன் உங்கள் அறை எவ்வளவு அமைதி என்று ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள்.

பனங்காட்டான்:

அண்ணன் எழுதியதில் கும்கி பற்றி மட்டும் ஒன்று சேர்க்கிறேன். பெங்களூரில் இருக்கிறேன், ஆடிசி எல்.சி.டி. எக்ஸ் ஹெட்போன் வைத்திருக்கிறேன். பிளானார் வகை. கூம்பு கிடையாது. மெல்லிய படலத்தில் கடத்தித் தடங்கள், பக்கத்தில் காந்த வரிசை, படலம் முழுவதும் ஒன்றாக அசையும். அண்ணன் சொன்ன அந்த நெஞ்சில் விழுவது இதில் இருக்கிறது. தவில் கேட்டால் தோலும் கட்டையும் எதிரில். ஆனால் 600 கிராமுக்கு மேல் எடை. எனக்கு நாற்பது நிமிடத்தில் கழுத்து சொல்லிவிடும். எடை ஆகாது என்றால் ஹைஃபைமேன் சுந்தராவைப் பாருங்கள், 372 கிராம், விலையும் மிகக் குறைவு.

கடலோரக்காது:

சிங்கப்பூரிலிருந்து. நண்பர் வீட்டில் ஒரு மாலை ஸ்டாக்ஸ் எஸ்.ஆர். 009 கேட்டேன். எலக்ட்ரோஸ்டாட்டிக் வகை, 580 வோல்ட் பயாஸ், அதாவது படலத்துக்கான நிலை மின்னழுத்தம், கொடுக்கத் தனிப் பெட்டி வேண்டும். சாதாரண ஆம்ப்பில் ஓடாது. அதில் தம்புரா மட்டும் பத்து நிமிடம் கேட்டேன். நான்கு தந்தியும் ஒன்றின் மேல் ஒன்று படர்ந்து எழுவதை அப்படி வேறு எதிலும் கேட்டதில்லை. பாட்டு தொடங்கவே வேண்டாம் என்றிருந்தது. சீட்டுப் பணத்துக்குள் அடங்காது, ஆனாலும் எங்கேயாவது வாய்ப்புக் கிடைத்தால் தம்புராவைப் போட்டுக் கேளுங்கள்.

நொய்யல்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பார்த்தேன். அண்ணா சொன்னது அப்படியே உண்மை, 560 எஸ்ஸிலேயே ஜீவா கேட்டது. இத்தனை நாள் பதிவில் அது இல்லை என்று நினைத்திருந்தேன். இன்னும் ஒரு கேள்வி. இவ்வளவு விலை வித்தியாசத்துக்கு ஒலியில் அளந்து காட்டக்கூடிய வித்தியாசம் இருக்காதா? பழைய 650 கிடைத்தால் வாங்கலாமா?

குடமுருட்டி:

ஜெரோன் ப்ரீபார்ட் என்பவர் 2017-இல் 283 ஹெட்போன்களின் அலைவெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. நான் கேட்டுக் கண்டதும் அதுதான். பணம் கூடக்கூட இடமும் பிரிப்பும் கூடலாம். நிறம் சரியாக இருக்கும் என்று விலை சொல்லாது.

பழைய 650 தாராளமாக வாங்கலாம், ஆனால் காதைச் சுற்றி அமர்கிற பேடைப் பாருங்கள். வருடக் கணக்கில் அழுந்தி அப்பளம் போல ஆகியிருந்தால் டிரைவர் காதுக்கு நெருங்கிவிடும், ஒலி இருண்டு போகும். நானே ஒரு தடவை ஏமாந்தேன். ஓர் இணையக் கடையில் அசல் என்று சொல்லி விற்ற பேடைப் போட்டேன், சாபு சத்தமே செத்துவிட்டது. ஒரு மாதம் ஆம்ப்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அசல் பேடு மாட்டியதும் சரியாயிற்று. ஒயர் மாட்டும் இடத்தையும் அசைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. ஒயர், பேடு, தலைப்பட்டை நுரை எல்லாமே கையால் கழற்றி மாற்றக்கூடியவை.

800 எஸ்ஸை வாங்கியவர் தஞ்சாவூரில்தான் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னால் வருவார். கோவையிலிருந்து ஜனசதாப்தி ரயில் இருக்கிறது, இங்கேயே இறங்கலாம். உங்கள் 560 எஸ்ஸையும் எடுத்து வாருங்கள். அக்காவிடம் சொல்லி வைக்கிறேன், காலையில் என்றால் வாசிப்பார்.